ஆக்ஸில் மேல் வெள்ளைக் கோடு

அமெரிக்காவின் ஆலன் நகரில் மணியன் வீட்டுக் கராஜில் இரண்டு கார் நிற்க இடம் இருந்தும், குடும்பம் ஏறுகிற வேன் வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் வெளியேதான் நின்றது. உள்ளே ராஜமரியாதையோடு நின்றது முரட்டு எஞ்சின் வைத்த ஒரு பழைய கறுப்பு மசில் கார். வங்கிக்கு மென்பொருள் எழுதுகிற மனுஷனுக்கு எழுநூறு குதிரைத்திறன் எதற்கு என்று கலாவதி கேட்காத நாளில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், அந்த நேரம் ஆபீஸே மறந்துபோகும். இதையெல்லாம் மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இந்தப் பைத்தியத்தில் அவனுக்கு ஒரே கூட்டாளி சாயிராம். காலேஜில் ஒரே பெஞ்ச், அமெரிக்கா வந்த புதிதில் ஒரே அப்பார்ட்மென்ட், இப்போது அடுத்த தெரு. எஞ்சினுக்குப் பலம் கூட்டும் சூப்பர்சார்ஜர் மாட்டிய அன்றே அவன் சொல்லிவிட்டான், எஞ்சினின் பலமெல்லாம் கடைசியில் போய் விழுவது பின்சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு ஆக்ஸில் தண்டுகள் மேல்தான் என்று. காரோடு வந்த தண்டு தாங்காது என்று, கெட்டியானதாக அவனே தேடி வாங்கி வந்தான். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு தண்டின் மேலும் நீளவாக்கில் பெயின்ட் பேனாவால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தான். ரேஸ்காரர்களின் வழக்கம் அது. இரும்பு முறுக்கிக்கொண்டால் கோடும் முறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட தண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், என்றைக்கு ஒடியும் என்று சொல்ல முடியாது.

"கோடு நேரா இருக்கிற வரைக்கும் பயமே இல்ல மச்சி" என்றான் சாயிராம். மணியன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

போன சனிக்கிழமை ரேஸ் டிராக்கில் அந்த வேதவாக்கு பொய்த்துப்போனது. அதுவும் கலாவதி முதல்முதலாக வந்து கேலரியில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு. பச்சை விளக்கு விழுந்தது, மணியன் மிதித்தான், பின்னால் டமார் என்று ஒரு சத்தம். வலது பின்சக்கரம் ஒடிந்த தண்டோடு கழன்று, அவனையே முந்திக்கொண்டு ஓடியது. கார் சுவரை உரசிக்கொண்டு நின்றது. உடம்பில் ஒரு கீறல் இல்லை என்பது அவன் அதிர்ஷ்டம்.

மூச்சிரைக்க ஓடிவந்த சாயிராம் முதலில் கேட்டது, மாட்டும்போது கோட்டைப் பார்த்தாயா என்றுதான். மணியன் பார்த்திருந்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சோதிப்பதற்கென்று இரண்டு தண்டுகளையும் உருவி வைத்தான். அதற்குள் ஆபீஸிலிருந்து அவசர அழைப்பு வந்து தொலைத்தது. பூஜையெல்லாம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து பார்த்தான். கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக இருந்தது. சாயிராம் அப்போது ஆபீஸ் வேலையாக ஜெர்சி சிட்டிக்குப் போயிருந்ததால், போனில் சொல்லிவிட்டுத் தானே மாட்டினான்.

கோடு நேர், தண்டு மட்டும் ஒடிந்தது என்றால் இரும்பே மட்டமான இரும்பு. மட்டமானதை வாங்கி வந்தது யார்? அந்த நடுக்கத்தில் மணியனுக்கு வாயில் பூட்டு இல்லை. "டூப்ளிகேட் சரக்கை என் தலையில கட்டிட்டியாடா? கலா கண்ணு முன்னாடி நான் செத்திருப்பேன்" என்று பத்துப் பேர் பார்க்கக் கத்தினான். சாயிராம் கருவிப் பெட்டியை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு சரி, போனும் எடுப்பதில்லை.

ஒரு வாரமாக மணியனுக்கு மண்டை குழம்பிக் கிடந்தது. கராஜ் மேஜையில் ஒடிந்த தண்டை வைத்துக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நுனியில் பல்வெட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஒடிந்திருந்தது, மிச்சத்தில் கோடு அப்படியே நேராக ஓடியது. சாயிராம் தன்னை ஏமாற்றுவானா? மகள் வெண்பாவுக்குப் பிறந்தநாள் என்றால் பெற்றவனுக்கு முன்னால் கேக்கோடு நிற்கிறவன் அவன். மாட்டான். ஆனால் கோடு? அதுவும் பொய் சொல்லாதே. ஆளை நம்பினால் கோடு இடித்தது, கோட்டை நம்பினால் ஆள் போனான். நினைக்க நினைக்க அவனுக்கு அழுகைகூட வந்தது.

காபியோடு வந்த கலாவதி தண்டை எட்டிப் பார்த்தாள்.

"பரவால்லைங்க, இரும்பே உடைஞ்சிருச்சு, நான் போட்ட கோடு அழியல பாருங்க."

மணியனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நீ எங்கே கோடு போட்டாய் என்று கேட்டான். ஆயுத பூஜைக்குத்தான் என்றாள் அவள். சைக்கிள், மிக்ஸி, லேப்டாப் எல்லாம் சாமி முன்னால் வைத்தபோது, பாவம் இவர் ஆசைப்பட்டு வைத்திருக்கிற சாமானாச்சே என்று தண்டுகளையும் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்து, பூஜை முடிந்ததும் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். மல்லுக்கு நின்ற காரோடு அன்றைக்குத்தான் சமாதானமாகப் போகலாம் என்று நினைத்தாளாம்.

"சாயி அண்ணா போட்ட கோடு ஒரே கோணலா சுத்திக்கிட்டு இருந்துச்சு. பூஜையில வெக்கிறது அப்படியா இருக்கும்? தேச்சு எடுத்துட்டு, வெண்பாவோட ஒயிட் நெயில் பாலிஷை ஸ்கேல் வெச்சு நேரா போட்டுவிட்டேன்."

மணியன் கோட்டை நகத்தால் சுரண்டினான். பளபளவென்று செதிலாகப் பெயர்ந்து வந்தது. கோபப்படலாம் என்று பார்த்தான், யார்மேல் படுவது என்று தெரியவில்லை. கோட்டின் அர்த்தத்தை மெல்லச் சொன்னான். கலாவதி முகம் வெளுத்துப்போய் அங்கிருந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே எழுந்து செருப்பை மாட்டினாள்.

"கிளம்புங்க. அண்ணாகிட்ட நானே சொல்றேன்."

சாயிராம் கதவைத் திறந்தான், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே கலாவதி ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். பழைய கோடு எப்படி இருந்தது என்று அவன் கேட்டதற்கு, பின்னலைத் தொட்டுக் காட்டி, இப்படித்தான் சுற்றிச் சுற்றிப் போச்சு அண்ணா என்றாள். மணியன் கையோடு கொண்டுவந்திருந்த தண்டை வாங்கிப் பார்த்தவன் கண்ணை மூடித் திறந்தான்.

"ரெண்டு தண்டுமேயா?"

"ரெண்டும்தான் அண்ணா."

"அப்போ இன்னொண்ணும் போச்சு. அந்த வண்டியைத் தொடாதீங்க." அவள் அழ ஆரம்பித்ததும் அவன் குரல் இறங்கியது. "நீ என்னம்மா பண்ணுவ, உனக்கு யாரு சொன்னா? உள்ள வா, காபி போடச் சொல்றேன்."

மணியனும் ஒரு கால் செருப்பைக் கழற்றினான். மன்னிச்சிடுடா என்று ஆரம்பித்தவனைச் சாயிராம் திரும்பிப் பார்த்தான். கோபமாக இருந்தால்கூடத் தேவலை, அவன் முகத்தில் ஒரு வாரமாக மணியனைப் பிடித்திருந்த அதே குழப்பம்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல மச்சி. இத்தனை வருஷம் கூடவே இருக்கேன். கோடு ஒண்ணு சொல்லுச்சுன்னதும் நான் திருடனாயிட்டேனா?"

மணியன் ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றான்.