உதயகுமாருக்கு ஒத்துப்போன மாத்திரை

தடாலென்று கதவை இடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் உள்ளே பாய்ந்தது. அதில் விஜியின் கணவன் உதயகுமார் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தான். போன மாதம் அவன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் எவ்வளவோ போராடினார். கடைசியில் வெளியே வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?"

"நானே வாய்ல போட்டு முழுங்க வச்சேன் சார். ஒரு நாள் வுட்டதில்ல."

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் அந்த மாத்திரை சிலர் உடம்பில் வேலையே செய்யாது. அதற்காகத்தான் டாக்டர் வீட்டுக்கே குப்பி கொடுத்தனுப்பி, எச்சில் வாங்கி, மரபணுச் சோதனை செய்திருந்தார். மாத்திரை அருமையாக ஒத்துப்போகும் என்று முடிவு வந்திருந்தது.

"அப்போ நீங்கதான் எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க."

விஜிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாலியும் போய், கட்டினவனைக் கொன்ற பழியும் தன் தலையிலா? பதில் பேச வாயெடுத்தவளின் கையைத் தம்பி கிஷோர் பிடித்து நிறுத்தினான். அவன் முகம் வெளிறியிருந்தது.

"அக்காவ திட்டாத சார். சரக்கு அடிச்சது தெரிஞ்சிடும்னு கம்பெனி செக்கப்புக்கு மாமா எப்பவும் என் மூத்திரத்ததான் குடுப்பாரு; உன் குப்பியிலயும் நான்தான் துப்புனேன்."