புயல் ஓய்ந்த பாட்டு

என் வீட்டுக்காரர் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பாடுகிறவர். இதை நான் வெளியில் சொல்லாமல்தான் இருந்தேன். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால் மூடி மறைக்க ஒன்றும் இல்லை.

தொழில் வாஷிங் மெஷின் ரிப்பேர். பகல் முழுக்க யாராவது ஒருவர் வீட்டுக் குளியலறையில் குப்புறப் படுத்து, மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருப்பார். அங்கேதான் அவருக்குப் பாட்டு வரும். கர்த்தர் எத்தனையோ பேரோடு எங்கெங்கோ பேசியிருக்கிறார். இவருக்கு அழுக்குத் தண்ணீர் போகிற குழாய்க்குப் பக்கத்தில் மெட்டு கொடுத்தார். அதனால்தானோ என்னவோ, அவர் பாட்டெல்லாம் மெஷின் ஓடுகிற தாளத்திலேயே இருக்கும். மெதுவாக ஆரம்பிக்கும், நடுவில் இங்கும் அங்கும் புரளும், கடைசியில் துணி பிழிகிற வேகத்தில் தலைதெறிக்க ஓடி டக்கென்று நிற்கும். கேட்டவருக்குத் தலைசுற்றல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அலமாரி எதற்கு என்றால், துணிகள் எதிரொலியை இழுத்துக்கொள்ளுமாம். என் உடைகளை ஒரு பக்கமாகத் தள்ளி, போனை ஹேங்கரில் தொங்கவிட்டு, முழங்காலைத் தாடை வரைக்கும் மடக்கி உட்கார்ந்து, கதவை உள்ளேயிருந்து இழுத்துக்கொள்வார். ஆள் சின்ன ஆளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு என்று ஆசையாக ஒரு உடையை எடுத்தால் கிரீஸ் வாடை அடிக்கும்.

பாடி முடித்ததும் எங்கள் மகள் அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்து கொடுப்பாள். கல்லூரிக்குப் போகிறாள், ஆனாலும் வீட்டில் அவள் பாப்பாதான். ஞாயிறு விடிந்ததும் பாட்டு இவருடைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய போனுக்கும் போய்விடும்.

"எனக்குப் பிரசங்கம் பண்ண வராது. நாலு பேர் முன்னாடி நின்னா நாக்கு ஒட்டிக்கும். இதான் என் ஊழியம்" என்பார். "யாராவது ஒருத்தர் மனசுக்குள்ள போய்ச் சேர்ந்தா போதும்."

போய்ச் சேர்ந்த லட்சணத்தைத்தான் பதில்களில் பார்த்தேனே. 'பாட்டு அருமை, மெஷின் இன்னும் ஒழுகுது' என்று ஒருவர். 'கேட்டு அழுதுட்டேன். நாளைக்கு வர முடியுமா, டிரம் சுத்த மாட்டேங்குது' என்று ஒரு அம்மா. ஒரு பள்ளி முதல்வர் மட்டும் ஒவ்வொரு வாரமும் தவறாமல், 'தயவுசெய்து என் எண்ணை நீக்கவும்' என்று அனுப்புவார். இவர் அதற்கும் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வாரமும் அனுப்புவார்.

ஒரே ஒருவன்தான் நல்லதாகவும் கெட்டதாகவும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. அவன் என் தம்பி.

அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் அவனை வளர்த்தது நான். சின்ன வயதில் எப்போது பார்த்தாலும் கையில் ஒரு கரண்டியோடு சமையலறையில் நிற்பான். கரண்டி என்றே கூப்பிட்டேன். பேருக்கு ஏற்ற மாதிரி சரக்குக் கப்பலில் சமையல்காரனாகப் போய்ச் சேர்ந்தான். அப்பா இறந்தபோது அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடக்கமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, தோளில் பையோடு வாசலில் வந்து நின்றான். "இப்ப யாரைப் பார்க்க வந்த?" என்று கேட்டேன். பையைக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

நடுக்கடலில் கப்பலைத் திருப்ப முடியாது என்று எனக்கும் தெரியும். என் கோபத்துக்குத்தான் தெரியவில்லை. அதற்காக, அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே போய்விடுவதா? இன்னொரு தரம் வந்து அக்கா என்று கூப்பிட்டால் வாய் வலிக்குமா? தப்பு அவன்மேல்தான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் போட்டேன், அவன் பேரை இங்கே யாரும் எடுக்கக் கூடாது என்று. மூன்று வருடமாக அந்தச் சட்டம் நடந்துவந்தது. அவன் இல்லாமல் வீடு எனக்குப் பாதியாகத்தான் இருந்தது, ஆனால் சட்டம் என்றால் சட்டம். என் வீட்டுக்காரர் அதை மீறவில்லை. பாட்டு அனுப்பக் கூடாது என்று சட்டத்தில் இல்லையே, அதனால் அவனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். கப்பல் கடலில் இருக்கும்வரை ஒரே ஒரு டிக் நிற்கும். கரைக்கு வந்தால் இரண்டாகும், அப்புறம் நீலமாகும். அதோடு சரி.

"ம், துறைமுகம் வந்தாச்சு போல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

"யாரு?" என்பேன்.

"யாரும் இல்லம்மா."

எனக்கும் அவ்வளவு போதும். ஆள் உயிரோடு இருக்கிறான், பாட்டும் கேட்கிறான். இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறான் என்றால் உடம்பும் நன்றாகத்தான் இருக்கும்.

அவர் பாடும்போது படுக்கையறைக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்தச் சனிக்கிழமை துண்டு அழுக்காக இருக்கிறதே என்று நான்தான் எடுத்து ஊறப் போட்டிருந்தேன். அவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, சரி என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அலமாரிக் கதவில் சாய்ந்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே முணுமுணுவென்று ஏதோ கேட்டது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி என்று நினைத்தேன். அப்போதுதான் சமையலறையிலிருந்து பால் தீய்கிற வாடை வந்தது. பாப்பா அங்கேதான் போனை நோண்டிக்கொண்டு நிற்கிறாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடினேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

மறுநாள் ஆலய வாசலில் கால் வைத்ததுமே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எப்போதும் முறைத்துக்கொண்டு நிற்கிற பாடகர் குழுத் தலைவி கூடச் சிரித்தார்.

பாஸ்டர் நேரே வந்தார். "சிஸ்டர், உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். காலையில பாட்டைக் கேட்டுட்டே நாங்க ரெண்டு பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம். நீங்க போட்ட சத்தத்துல என் மனைவி எழுந்து ஓடினாங்க. எங்க பாலும் தப்பிச்சுது."

"என்ன சத்தம் பாஸ்டர்?"

அவர் முகம் மாறிவிட்டது. பிரசங்கக் குறிப்பைப் பார்க்கிற மாதிரி நழுவினார்.

பாப்பாவின் கையைப் பிடித்து வண்டிகள் நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனேன். "போடுடி அந்தப் பாட்டை."

போட்டாள். உண்மையைச் சொல்ல வேண்டும், இருந்ததிலேயே அதுதான் நல்ல பாட்டு. 'புயல் ஓய்ந்ததே, என் வீட்டில் புயல் ஓய்ந்ததே' என்று உருகி உருகிப் பாடுகிறார். அதற்கப்புறம் ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்தில், காதுக்குள்ளேயே வந்து நின்று கத்துகிற மாதிரி என் குரல். "டேய் கரண்டி! பால் பொங்குது, அங்க என்னடா கிழிக்கிற? அடுப்பை அணைடா!"

அதற்குப் பிறகும் மனிதர் நிறுத்தவில்லை. 'ஓய்ந்ததே' என்று தொடர்ந்து பாடி, பிழிகிற வேகத்தில் முடித்திருக்கிறார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றேன்.

"எதும்மா?"

"அந்தப் பேரு."

பாப்பா என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அம்மா, கோபம் வந்தா என்னை எப்பவும் அப்படித்தான் கூப்பிடுறீங்க. 'டா' கூடப் போடுவீங்க. மூணு வருஷமா நானும் 'என்னம்மா'ன்னு வந்து நிக்கிறேன். சட்டம் போட்டதும் நீங்க, மீறுறதும் நீங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பக்கத்து வீட்டுக்கே தெரியும்."

அன்றைக்குப் பிரசங்கம் எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "முதல்ல அதை அழிங்க."

"எங்கம்மா அழிக்கிறது? அது கை மாறி எங்கயோ போயிட்டிருக்கு" என்று போனை நீட்டினார். இத்தனை வருட ஊழியத்தில் இப்படிப் பதில் வந்ததே இல்லை. மெஷினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள், பழைய பாட்டெல்லாம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். பள்ளி முதல்வர், 'அந்த அம்மாவின் அடுத்த பாடல் எப்போது?' என்று கேட்டிருந்தார். ஊழியம் ஓஹோவென்று வளர்ந்துவிட்டது. என் மானம்தான் கப்பலேறிவிட்டது.

கப்பல் என்றதும்தான் எனக்கு உறைத்தது. "அவனுக்கும் போயிடுச்சா?"

"எவனுக்கு?" என்றார். முகத்தில் பால் வடிந்தது.

"விளையாடாதீங்க."

"எல்லாருக்கும்தான் போச்சு. ஒரு டிக்தான் இருக்கு. கடல்ல இருக்கான்."

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மூன்று வருடமாக ஓரக்கண்ணால் பார்த்துவந்த போனை இப்போது அவர் கையிலிருந்து பிடுங்கியே பார்த்தேன். கேட்டுவிட்டு என்ன நினைப்பான்? வாசலில் நிற்கவைத்து விரட்டியவள், வீட்டுக்குள் அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறாளே என்று சிரிப்பானா? இல்லை, எப்போதும்போல நீலமாக்கிவிட்டு அவன் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போய்விடுவானா? இதற்கும் பதில் வரவில்லை என்றால் இனி எதற்கும் வராது.

"என்னங்க, இன்னும் துறைமுகம் வரலையா?"

"கப்பலை நானா ஓட்டுறேன்?"

வியாழக்கிழமை மத்தியானம் யார் வீட்டு மெஷினையோ பாதியில் போட்டுவிட்டு, கையில் ஸ்பேனரோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். போனை என் கையில் திணித்தார். தம்பியின் குரலில் ஒரு செய்தி இருந்தது. அழுத்தினேன்.

"அக்கா, பாலை அணைச்சாச்சா?"

போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"மச்சான் பாட்டை ஒண்ணு விடாம கேட்டுட்டுத்தான் இருக்கேன். என்ன பதில் போடுறதுன்னு தெரியல. இதுல நீயே என்னைக் கூப்பிட்டுட்ட. கூப்பிட்டா பதில் சொல்லணும்ல? இங்க சமையல்கட்டுல ஒருத்தனுக்கும் நம்ம பாஷை தெரியாது, ஆனா காலையிலேர்ந்து திருப்பித் திருப்பிப் போட்டதுல பாட்டு மொத்தமும் மனப்பாடம். உன் இடம் எப்ப வரும்னு காத்துட்டு இருக்கானுங்க. இந்தா, நீயே கேளு."

ஏழெட்டுத் தடிக்குரல்கள் சேர்ந்து, தாளத்துக்குப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு, "தேய் கரந்தி!" என்று கத்தின. செய்தி அதோடு முடிந்தது.

நான் அழுதேன், சிரிக்கவும் சிரித்தேன். எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு வந்த பாப்பா எல்லாவற்றையும் இரண்டு தரம் கேட்டாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அம்மா சத்தம் இல்லாம சுத்தமா ஒண்ணு நான் தந்தேனே. அதை ஏன் அனுப்பல?"

"அதுல சுருதி இறங்கிப்போச்சு" என்றார்.

"உங்க எந்தப் பாட்டுல இறங்கல?"

அவர் பாதியில் விட்ட மெஷின் திடீரென்று ஞாபகம் வந்தவர்போல ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போகிறபோது, "யாராவது ஒருத்தர்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடத்தில் இவரை எத்தனை கேலி செய்திருப்பேன். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை வாயால் சொல்லத் தெரியவில்லை. "மெஷினை ஒழுங்கா பார்த்துட்டு வாங்க" என்று அதட்டினேன்.

பதில் போட வேண்டும். பாப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு வராது. படுக்கையறைக்குப் போனேன். துவைத்துக் காய்ந்திருந்த சிவப்புத் துண்டைக் கைப்பிடியில் மாட்டினேன். அலமாரியைத் திறந்து, உடைகளைத் தள்ளி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து கதவை இழுத்துக்கொண்டேன். இருட்டு, கிரீஸ் வாடை. இவர் சொன்னது சரிதான், உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பொத்தானை அழுத்தினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அப்பாவைப் பற்றி, வாசலைப் பற்றி, கப்பல் திரும்பாது என்று எனக்குத் தெரியும் என்பதைப் பற்றி. கடைசியில் வெளியே வந்தது இவ்வளவுதான்.

"பாப்பா, எப்ப வர்ற?"

விரலை எடுத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குள் அது போய்விட்டது. இரண்டு டிக்கும் வந்து, நீலமும் ஆகிவிட்டது.

போன் என் கையில் அதிர்ந்தது.

"என்னம்மா" என்று எழுதியிருந்தான். அடுத்த வரியில், "பத்தாம் தேதி இறங்குறேன். கதவைத் திறந்து வை."