ஆறு சென்டிமீட்டர் முடி

ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. சேற்றிலிருந்து பூச்சிக்கு, பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கு, அதைத் தின்ற பெரிய மீனுக்கு என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் மீன்கொத்தியின் இறகிலும் மனிதர் தலைமுடியிலும் உட்கார்ந்துகொள்ளும். அதை அளப்பது என் பிழைப்பு. கரையோரம் ஓர் அறை, ஓர் இயந்திரம், ஒரு கட்டில். மூன்று வருடமாக இதுதான் என் குடும்பம்.

பேச்சுத்துணை என்றால் படகுக்காரர் ஒருவர்தான். "செத்த மீனுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரம்மா வந்தாச்சு" என்று கிண்டலடித்தபடி கயிற்றை அவிழ்ப்பார். மதியம் நடு ஏரியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, தன் மகள் வறுத்துக் கொடுத்த மீனில் பாதியை என் பக்கம் தள்ளுவார். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. "அவளுக்குன்னு பெரிய மீனா பாத்துப் பிடிக்கிறேன்" என்பார் பெருமையாக. அதுவரை நாங்கள் தண்ணீரையும் சின்ன மீனையும்தான் அளந்திருந்தோம். அளவு சாதாரணம். அந்த தைரியத்தில் நானும் வெளுத்துக் கட்டினேன்.

இந்த வருடம் கரையில் இருப்பவர்களின் முடியையும் சோதித்தோம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். துண்டு துண்டாக வெட்டினால் மாதவாரியாகக் கணக்கு சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, ஏரி மீன் சாப்பிடாத ஒருவரின் முடி வேண்டும். இங்கே என்னைவிட வெளியாள் யார்? என் அறையில் மீன் சமைப்பதுகூட இல்லை. என் முடியையே வைத்தேன்.

அதிலும் பாதரச அளவு மற்றவர்களுடையதைப் போலவே எகிறியது. இயந்திரத்தைத் திட்டிவிட்டு மறுபடி போட்டேன். நுனி சுத்தம், வேர்ப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆறு மாதம். அவர் என்னோடு பங்கு போட ஆரம்பித்த நாளிலிருந்து. எனக்கு அழுகை வந்தது. பயத்தில் என்றால் அது பொய். ஒருவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தை என் மூளை கணக்கில் வைக்கவில்லை, முடி வைத்திருந்தது.

மேலதிகாரி போனில் குதித்தார். "ஒப்பீட்டு மாதிரியே போச்சு. எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும். ரெண்டு மாசம் வெளியே மூச்சு விடாதீங்க."

இரண்டு மாதத்தில் படகுக்காரர் மகளின் வயிற்றுப் பிள்ளை எவ்வளவோ வளர்ந்துவிடும்; பாதரசம் முதலில் தாக்குவது அதன் மூளையைத்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் மதியச் சாப்பாடு நின்றுவிடும்.

மறுநாள் அவர் டப்பாவைத் திறக்கும் முன்பே சொன்னேன். "அண்ணே, மக இனிமே இந்த மீனைத் தொடவே கூடாது. இதுல பாதரசம் இருக்கு."

"நல்லா வேக வெச்சா போயிடாதா?"

"போகாது. இப்ப நிறுத்தினா உடம்புல கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ரெண்டு மாசம் கழிச்சு அவ முடியை அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என் முடியில இருக்கு."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப உங்களுக்கும் நான்தான் குடுத்தேனா?"

உங்கள் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். "ரொம்ப ருசியா இருந்துச்சுண்ணே" என்றுதான் வாயில் வந்தது. அவர் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

அடுத்த வாரம் வேறொரு படகுக்காரர் வந்தார். "அவருக்கு உங்க முகத்துல முழிக்க சங்கடமா இருக்காம்" என்றார். மதியம் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு படகின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் புதுப் படகுக்காரர் கையில் பழையவரிடமிருந்து ஓர் உறை வந்தது. மகளின் முடி, வேர்ப்பக்கம் நூல் கட்டி, ஒழுங்காக. அன்றைக்கே சோதித்தேன். வேரை ஒட்டிய இரண்டு சென்டிமீட்டரில் அளவு பாதியாக இறங்கியிருந்தது. நிறுத்திவிட்டாள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். முடிவை எழுதி, மடித்து, பழையவரிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

பிறகு அந்த உறையை எடுத்துத் தலைகீழாகத் தட்டினேன். துண்டுச்சீட்டு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளே விரலைவிட்டும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.