யாருக்கு? என்ன தொந்தரவு?

"எழுதும்போது கூசலையே அண்ணி, இப்ப மட்டும் ஏன் கூசுது? படிங்க! நீங்களே ஒரு தடவை சத்தமா படிங்க!"

"மெதுவாப் பேசு. நாலு பேர் இருக்காங்க."

"நாலு பேர் காதுலயும் விழுந்தாச்சு. இனிமே யாருக்காக மெதுவாப் பேசணும்?"

"உன் நல்லதுக்குத்தான் நான்…"

"என் நல்லது! பத்து வருஷமா என் நல்லதையே பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு பூத்துப்போச்சு, பாவம்!"

இந்த இடத்தில்தான் 'நீங்க' போய் 'உனக்கு' வந்தது. பத்து வருடமாக அவர்களுக்கு எதிர்வீட்டில் இருக்கிறேன். அண்ணியை அந்த நாத்தனார் ஒருமையில் பேசி ஒருநாளும் கேட்டதில்லை. கதவு மூடியிருந்தாலும் எனக்குக் கேட்டுவிடும். அன்றைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அவர்கள் வீட்டு சோபாவின் ஓரத்திலேயே, கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணிக்கு எங்கள் கட்டடத்தில் மூச்சம்மா என்று பெயர். வைத்தவள் நான்தான். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் பன்னிரண்டு பெண்களை வரிசையாகப் படுக்க வைத்து, "உள்ளே இழுங்க… வெளியே விடுங்க… கவலையை விடுங்க…" என்று யோகா சொல்லித் தருவார். மேலே அவர் கவலையை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், கீழே அடுப்படியில் அவருடைய நாத்தனார் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டு விரிப்புகளையும் துடைத்து உருட்டி வைப்பவளும் அவள்தான். அதற்கப்புறம் குளித்துவிட்டு, பல் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுப்பல் செய்து கொடுக்கும் இடத்துக்கு வேலைக்கு ஓடுவாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். முப்பத்தாறு வயதுச் சின்னவள். பின்னறையில் அவள் கட்டிலும், அதன் பக்கத்தில் நடக்க முடியாத அவள் அப்பாவின் சக்கர நாற்காலியும்.

அவள் அண்ணன், அதாவது மூச்சம்மாவின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வீட்டிலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த சின்னவள் வாழ்க்கையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். அவள் வேலை செய்யும் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர். மனைவி இறந்து மூன்று வருடம். லிஃப்டில் ஒரு மணிநேர வேலைதான் இருந்ததாம். மனிதர் ஆறு நாள் பார்த்தார். ஆறாம் நாள் அவரே வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். மூச்சம்மாவுக்கு வாயெல்லாம் பல். நாத்தனார் போய்விட்டால் பின்னறையைத் தியான அறையாக்கிவிடலாம். மாமனாரைக் கூடத்து மூலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். வெளிர்நீலத் திரைச்சீலைக்கு ஜன்னலை அளவெடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். சின்னவளோ இரண்டு புதுத் தலையணை உறை வாங்கி வைத்திருந்தாள். எனக்கு இரண்டு தடவை காட்டினாள். முதல் தடவை காட்டியதை மறந்துபோய் அல்ல.

ஆகவே, இந்தக் கல்யாணம் நடந்தே தீர வேண்டும் என்பதில் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஒரே மனசு. இப்படி ஒத்துப்போன விஷயம் அந்த வீட்டில் வேறு கிடையாது.

ஆண்டுக் கடைசி விடுமுறையின் முதல் நாள், தேதி குறிக்க மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வருவதாக ஏற்பாடு. அக்கா கணக்கு டீச்சர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் தலையாட்டினால்தான் தம்பி மூச்சே விடுவார் என்று கேள்வி. அந்த விசேஷத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு வாசனை மெழுகுவர்த்தி, நம் பக்கத்தவருக்குப் புத்தகம் பரிசளிப்பது என்று மூச்சம்மா முடிவு செய்தார். யோகா சொல்லித் தருகிறவர் ஸ்வீட்டா கொடுப்பார்?

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் புத்தகக் கடைக்கு என்னையும் துணைக்கு அழைத்துப்போனார். விடுமுறை வந்தால் அந்தக் கடைக்காரர் வாசலிலேயே ஒரு மேஜையைப் போட்டு, யோகா, தியானம், மன அமைதி, நல்ல தூக்கம், மூட்டுவலி எல்லாவற்றையும் கலந்து அடுக்கிவிடுவார். 'அன்பளிப்புக்கு ஏற்ற நூல்கள்' என்று அட்டை தொங்கும். அவருடைய முறையே தனி. நம்மைத் தேட விடமாட்டார். கையில் மஞ்சள் சீட்டு கொடுப்பார். அதில் இரண்டே கேள்வி அச்சடித்திருக்கும்: யாருக்கு? என்ன தொந்தரவு? டாக்டரிடம் சொல்வதுபோல ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால் அவரே பொருத்தமான நூலைப் பரிந்துரைப்பார். புத்தகத்தோடு சீட்டையும் ரப்பர் வளையம் போட்டு உள்ளே அனுப்புவார். எது யாருக்கு என்று உள்ளே பொட்டலம் கட்டுகிறவர் பார்த்து, மேலே எழுதிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போட வேண்டும்.

மூச்சம்மா மூன்று சீட்டு எழுதினார். கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க முயன்றேன், தெரியவில்லை.

அந்த வாரம் கூட்டம் தாங்காமல் பொட்டலம் கட்ட உட்கார்ந்தவர் கடைக்காரரின் மனைவி. அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்து, பழுதுக்குக் கொடுத்து மூன்று வாரமாயிற்று. கொடுத்தது யாரிடம்? நம் மூச்சம்மாவின் கணவரிடம்தான். "நாளைக்கு, நாளைக்கு" என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார் மனிதர். கண்ணாடி இல்லாத அந்த அம்மாவுக்கு எழுத்து புழுவாக நெளிந்திருக்கிறது. அளவைப் பார்த்து, வாழ்த்துச் சீட்டாக்கும் என்று நினைத்து, ஒவ்வொன்றையும் முதல் பக்கத்தில் பாசத்தோடு செருகி, மேலே ரிப்பன் கட்டிவிட்டார். பொட்டலத்தின் மேல் பெயர் இல்லையே என்று மூச்சம்மாவும் கேட்கவில்லை. காகிதத்தின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுமுறை நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வாசனை மெழுகுவர்த்தி கொடுத்தாயிற்று. தேதியும் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மூச்சம்மா மூன்று பொட்டலத்தையும் கணக்கு டீச்சர் மடியில் வைத்து, "எது யாருக்குன்னு நீங்களே பிரிச்சுப் பாத்து, உங்க கையாலயே குடுங்க. நீங்கதானே இனிமே பெரியவங்க" என்று குழைந்தார்.

டீச்சர் முதல் பொட்டலத்தைப் பிரித்தார். 'அமர்ந்தபடியே ஆனந்தம்'. உள்ளே மஞ்சள் சீட்டு. "அட, வாழ்த்து வேற எழுதியிருக்காங்களே!" என்று வகுப்பறைக் குரலில் வாசித்தார்.

"மாமனார். எழுபத்தெட்டு. நடக்க முடியாது. நாள் பூரா யாரையாவது கூப்பிட்டுக்கிட்டே இருப்பார். கூப்பிடாமல் இருக்க ஏதாவது."

பெரியவருக்குக் காது மந்தம். நாற்காலியிலிருந்து ஆசையாகத் தலையை நீட்டி, "என்னம்மா போட்டிருக்கு?" என்றார்.

"உங்களை ரொம்பப் பிடிக்குமாம்ப்பா" என்றாள் சின்னவள்.

பெரியவர் மருமகளைப் பார்த்துக் கைகூப்பினார்.

மூச்சம்மா எழுந்துவிட்டார். "குடுங்க குடுங்க, கடையில ஏதோ மாத்திட்டாங்க." ஆனால் திருத்தி முடிக்காத விடைத்தாளை எந்தக் கணக்கு டீச்சர் கையைவிட்டுக் கொடுப்பார்? ஒரு கையால் தடுத்துக்கொண்டே இரண்டாவதைப் பிரித்தார். 'மௌனத்துக்கு முப்பது நாள்'. சீட்டு: "எதிர்வீட்டுக்காரி. காது நீளம், வாய் அதைவிட நீளம். வம்பு பேசுவது குறைய."

கூடத்தில் சிரிப்பு. லிஃப்ட் மெக்கானிக் புரையேறும்வரை சிரித்தார். மூச்சம்மாவின் கணவரும் சிரித்தார். அவருக்குப் பல் உண்டு என்றே அன்றுதான் தெரிந்தது. நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. அப்போது மூச்சம்மா, வெளுத்த முகத்தோடு, "டீச்சர், போதும், அதை மட்டும் வேண்டாம்" என்று மூன்றாவதைப் பிடுங்கப் போனார்.

"ஏன் வேண்டாம்?" என்றேன் நான். "எங்களுக்கு வந்தாச்சு, மிச்சத்தையும் படிங்க டீச்சர். எல்லாருக்கும் சமமா வரட்டும்."

டீச்சர் படித்தார்.

"நாத்தனார். முப்பத்தாறு. ஒரு காலத்தில் மூணு மாசம் தூங்காமல் மொட்டை மாடியில் நடந்தவள். மனசுக்கு ரெண்டு வருஷம் மாத்திரை. கல்யாணம் ஆகப்போகிற நேரம், மறுபடி ஆரம்பித்துவிடக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. லேசான புத்தகமாக."

கடைசி இரண்டு வரிக்கு முன்னாலேயே குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் முழுக்கப் படித்தார். பாதியில் நிறுத்துகிற பழக்கம் இல்லாதவர்.

அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன சண்டை. சின்னவள் கத்தினாள். அவள் கத்தக் கத்த மூச்சம்மாவின் குரல் மெலிந்து, யோகா வகுப்புக் குரலாக மாறியது. "பாருங்க, இப்படித்தான் உணர்ச்சிவசப்படுவா. மூச்சை இழும்மா. ஆழமா இழு."

இதற்கு அவள் நாலு அறை விட்டிருந்தால்கூட நான் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் விடவில்லை. அண்ணியை விட்டுவிட்டு மெக்கானிக் பக்கம் திரும்பினாள். சட்டென்று அவள் குரல் சாதாரணமாயிற்று.

"சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க. அவ்வளவுதான். முடிஞ்சிடும்."

அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் குப்பைக் கூடையோடு நிற்கும்போது, கீழ்ப்படிக்கட்டில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா இறந்ததிலிருந்து தூக்கம் போனது, மாத்திரை, எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இதுக்கா இவ்வளவு பயந்தே? நானும்தான். அவ போனப்புறம் ஒன்றரை வருஷம் போட்டேன், அதே மாத்திரை. எங்கக்காவுக்குத் தெரியாது." இரண்டு பேரும் முழு மாத்திரையா அரை மாத்திரையா என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை அந்தப் படிக்கட்டு கேட்டதில்லை.

இப்போது அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார். மெக்கானிக் மெழுகுவர்த்திப் பெட்டியை எடுத்து, மூடியைச் சரியாகப் பொருத்தினார்.

"எனக்கு இது… புதுசா இருக்கு" என்றார்.

சின்னவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அவருடைய மாத்திரைக் குட்டும் சேர்ந்து உடைந்திருக்கும். அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டாள். பிறகு, ஏனோ, என்னைப் பார்த்தாள். படிக்கட்டில் நான் நின்றிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வாய் எப்பேர்ப்பட்ட வாய் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

நான் தேநீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. வாய் நீளம் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்தான் எழுத்துமூலமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் எதற்கு நடுவில் பேச வேண்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், மூச்சம்மாவின் முகம் தொங்குவதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தொங்கட்டுமே என்று விட்டுவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் கணக்கு டீச்சர் எழுந்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, "நாங்க யோசிச்சுச் சொல்றோம்" என்றார். யோசிக்கிறவர்கள் மெழுகுவர்த்தியைத் திருப்பி வைத்துவிட்டுப் போக மாட்டார்கள்.

"மாப்பிள்ளைக்குத் தண்ணி குடும்மா" என்றார் பெரியவர், அவர்கள் படியிறங்கிய பிறகு.

சின்னவள் அன்று சாயங்காலமே பழையபடி வேலை செய்ய ஆரம்பித்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுநாள் காலை வகுப்பு முடிந்ததும் விரிப்புகளைத் துடைக்க அவள் மாடிக்கு வரவில்லை. மூச்சம்மாவே குனிந்து துடைத்தார். "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்று என்னிடம் முறையிட்டார். "மூச்சை இழுங்க" என்றேன்.

மெக்கானிக் ஐந்தாம் மாதம் அக்காவின் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கும் நூலகப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பெண் அதிர்ந்து பேசாதவள், நன்றாகத் தூங்குவாள் என்று கேள்வி. புத்தகக் கடைக்காரர் மனைவி அடுத்த மாதமே மகள் வீட்டோடு போய்விட்டார். மூச்சம்மாவின் வகுப்புக்கு அதற்கப்புறம் இருபத்தைந்து பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்க்க வந்தவர்கள், வந்த இடத்தில் தங்கிவிட்டார்கள். இப்போது தியானம் மட்டும் பின்னறையில், ஐந்தைந்து பேராக நடக்கிறது. வெளிர்நீலத் திரைச்சீலை நன்றாகத்தான் இருக்கிறது.

சின்னவள் விடுமுறை முடிந்த இரண்டாம் வாரம், ரயிலில் ஒரு ராத்திரி தூரத்திலிருக்கும் ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை, மூச்சம்மா பெரியவரின் துணிகளை மடித்துப் பெட்டியே கட்டிக் கொடுத்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. புது முகவரியை அண்ணனிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். நான் மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மனிதர், வழக்கம்போல, ஒன்றும் சொல்லவில்லை.