சுவரில் நடந்த காலடி

மாலை ஆறே முக்காலுக்கு, ஆஸ்திரேலியப் பாலைவன ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், நூலகச் சுவரில் பாய்ச்சிய ஒளியில் செம்மண் விரிந்தது. அதன்மேல் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்து நீர்க்குழியை நோக்கி நகர்ந்தன. ரொவீனா செய்த ஓவியம் அது. தங்கையை மணலில் நடக்கவிட்டு, அந்த நடையையே அசையும் படமாக்கியிருந்தாள்.

தங்கை போன மாதம் இறந்துவிட்டாள். அவர்கள் பழங்குடி வழக்கப்படி இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை, உருவத்தைக் காட்டுவதில்லை. வீட்டிலிருந்த தங்கையின் படங்களை ரொவீனா எடுத்து வைத்துவிட்டாள். இதை மட்டும் விட்டுவைத்தாள்.

சுவரைப் பார்த்ததும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நிறுத்தச் சொல்லுடி."

"இதுல முகமே இல்லையேம்மா," என்றாள் திரையிட ஏற்பாடு செய்த நகராட்சிப் பெண் கெய்ட்லின்.

"முகம் உங்களுக்குத்தான் வேணும். இடது காலை இழுத்து வைக்கிறா பாரு. எம்பொண்ணு காலடி எனக்குத் தெரியாதா?"

முகத்தைவிடக் காலடிதான் ஆளைக் காட்டும் என்று ரொவீனாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் விட்டுவைத்தாள். சுவரில் தங்கை பாதி வழிதான் வந்திருந்தாள்.

ரொவீனா அம்மாவின் பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அந்தத் தண்ணி வரைக்கும் அவ போயிடட்டும். அப்புறம் நிறுத்திடறேன். விடுறியா?"