முதுகில் விழுந்த கோடு

"அந்த வில்லைக் காட்டுங்க, சித்தப்பா."

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டார்கள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா சொல்லியிருந்தாள். சொன்னது கெஞ்சலா, அதட்டலா என்று மகளுக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்காமல் விடுகிற வழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த சித்தப்பா வாசற்படியிலேயே நின்றார்.

"இப்ப எதுக்கும்மா அது? நாலு மணிக்கு எடுக்கணும். வண்டி வந்துரும்."

"மணி ஒண்ணேமுக்கால்தான் ஆகுது. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"வாய்க்கு மட்டும் தனியா பட்டம் வாங்கியிருப்பா போல" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, காதில் விழட்டும் என்றே.

"ஆமாக்கா. அதுலதான் முதல் வகுப்பு" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

கூடத்தின் நடுவே அப்பா படுத்திருந்தார். இடது காதுக்கு மேல் கட்டியிருந்த வெள்ளைத் துணி வலது புருவம்வரை இறங்கியிருந்தது. தொட்டுச் சரிசெய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை. மூன்று நாளைக்கு முன்னால், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில், புது வில் ஒன்றில் நாணேற்றிக் காதுவரை இழுத்திருக்கிறார். மேல்நுனி, நாண் மாட்டுகிற குதையிலேயே முறிந்தது. விடுபட்ட வில் திரும்பி வந்து தலையில் அடித்தது. ஒன்றுமில்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சாயங்காலம் வாந்தி எடுத்தார். இன்று விடியும்போது போய்விட்டார்.

யார் வெட்டிய குதை என்று ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதற்கு, "நான்தான்" என்றார் சித்தப்பா. கூடப்பிறந்தவனை அடித்துப்போட்டுவிட்டு எந்த முகத்தோடு இங்கே நிற்கிறீர்கள் என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மருந்துச் சீட்டை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், பிறகு பிரித்து எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போனார்.

அந்தப் பொறுமைதான் அவளுக்கு எரிந்தது. தப்புச் செய்தவன் ஒரு வார்த்தையாவது எதிர்த்துப் பேச வேண்டாமா?

அவள் பட்டறைக்குள் போனாள். பின்னாலேயே வந்த அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"சொன்னாக் கேளு. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"அப்ப இதையும் கேக்காதே."

சாணைக்கல்லுக்குப் பின்னால், ஒரு சாக்குக்கு அடியில் இருந்தது. பெரிதாக ஒன்றும் ஒளித்திருக்கவில்லை. வளைந்த தண்டு ஒன்று, விரல் நீளத்தில் முறிந்த நுனி ஒன்று. நுனியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வில்லுக்கு வயிறு உண்டு, முதுகு உண்டு. எய்கிறவனைப் பார்க்கிற பக்கம் வயிறு, குறியைப் பார்க்கிற பக்கம் முதுகு. குதையை இரண்டு விலாவிலும் சாய்வாக அராவலாம். முதுகில் அரம் படக்கூடாது. முதுகு நார் அறுந்த வில் பத்துத் தடவை தாங்கும், பதினொன்றாவதில் முறியும். இந்த நுனியில் ஒரு விலாவிலிருந்து மறு விலாவரை முதுகின் குறுக்கே பள்ளம் ஓடியிருந்தது. பள்ளத்தின் ஓரத்தில், வார்னிஷுக்கு அடியில், பென்சில் கோடு.

அப்பா கோடு போட்டு அவள் பார்த்ததில்லை. சித்தப்பாவும் போடமாட்டார். கண்ணால் அளந்து கட்டைவிரலை வைத்து அராவுகிறவர்கள். அந்த வீட்டில் பாகைமானி வைத்துச் சாய்வு அளந்து, ஸ்கேல் பிடித்துக் கோடு போட்ட ஆள் ஒருத்திதான். மூன்று வாரத்துக்கு முன்னால், அவள் ஊருக்கு வந்திருந்த சமயம் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்த பன்னிரண்டு வில்லுக்கும் அவள்தான் குதை வெட்டினாள். வில்லுக்குப் பரீட்சை வைக்கிறாயா என்று சித்தப்பா சிரித்தார். நான் பார்க்கட்டுமா என்றும் கேட்டார். கணக்கில் பட்டம் வாங்கினவளுக்கு நாற்பத்தைந்து டிகிரி தெரியாதா என்று அவள்தான் விரட்டினாள். இரண்டு விலாக் கோடும் சரியாகச் சேர வேண்டும் என்று முதுகின் குறுக்கே இழுத்துச் சேர்த்தாள். கோடு போன வழியே அரமும் போனது. வார்னிஷ் அடித்ததும், துணி உறையில் போட்டுக் கட்டியதும் அவள்தான்.

"பன்னெண்டும் போயிருச்சுன்னு அப்பா போன்ல சொன்னாரே" என்றாள்.

சித்தப்பா கதவோரம் வந்து நின்றிருந்தார்.

"பழசு ஒண்ணை வச்சு எண்ணிக்கையைச் சரிபண்ணிட்டாரு. எம்பொண்ணு வெட்டினது, ஒண்ணு எனக்கு இருக்கட்டும்னு எடுத்து வச்சுக்கிட்டாரு."

"அவரு கண்ணுக்கு இது தெரியலையா?"

"உறையைப் பிரிச்சு நாணேத்தறப்பத்தான் தெரிஞ்சுது. நான்கூட வேணாம்னேன். 'கொஞ்சம் ஆழம்தான், தாங்கும் போடா'ன்னாரு. உன் வேலைன்னா அவருக்கு எல்லாமே தாங்கும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நீங்க ஏன் நான்தான்னு..."

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில அவரு பேசினது அது ஒண்ணுதான்மா. அவளுக்குத் தெரிய வேணாம்னாரு."

தான் நேற்றுக் கத்தியதெல்லாம் ஒவ்வொரு சொல்லாக அவளுக்குத் திரும்பக் கேட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வேறொன்று நெஞ்சில் இடித்தது.

"மீதி பதினொண்ணு?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "அன்னிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். லீவுன்னு யாரும் எடுக்கல. இன்னிக்குத்தான் திறக்கறாங்க. எடுத்து முடிச்சுட்டு நானே போய்ச் சொல்லலாம்னு..."

அவர் முடிப்பதற்குள் அவள் போன் போட்டுவிட்டாள். ஐந்து தடவை மணி அடித்த பிறகு ஒரு குமாஸ்தா எடுத்தார்.

"வில்லா? நல்லாத்தான் இருக்கு. மூணரைக்கு பிராக்டீஸ். இன்னிக்குத்தான் உறையே பிரிக்கறாங்க."

"பிரிக்க வேணாம் சார். யாரும் இழுக்க வேணாம். அது முறியும்."

"வித்தவங்களே முறியும்னு சொல்றீங்க! நல்ல வியாபாரம். பசங்க ஒரு மாசமாக் காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க யாரும்மா?"

பட்டறை வாசலில் தையல்காரம்மாவும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

"அதை வெட்டினவ" என்றாள். "அதே வில்லாலதான் எங்கப்பா செத்துக் கிடக்காரு."

மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது.

"வாத்தியாரு வெளிய போயிருக்காரு. கண்ணுல பட்டா சொல்றேன்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அவள் சுவரில் மாட்டியிருந்த சிறு ரம்பத்தை எடுத்தாள். பேசிப் பார்ப்பதற்கு அவள் போகவில்லை. ஒரு வில்லுக்கு ஒரு அறுப்பு, நட்ட நடுவில். அப்பா செதுக்கிய கடைசிப் பதினொன்று.

"நாலு மணிக்கு எடுத்துருவாங்கடி" என்றாள் அம்மா. போகாதே என்று அவள் சொல்லவில்லை.

"நான் போறேன்மா, நீ இரு" என்று சித்தப்பா கை நீட்டினார்.

"எதுக்கு அறுக்கறீங்கன்னு உங்களைக் கேப்பாங்க. மறுபடி நான்தான் வெட்டினேன்னு சொல்வீங்க."

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. ரம்பத்தை வாங்கி, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, அதன் பற்கள்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, கைப்பிடி அவள் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்தார்.

கூடத்தைக் கடக்கும்போது குனிந்து, அப்பாவின் புருவத்தில் இறங்கியிருந்த துணியை ஒரு விரலால் மேலே தள்ளினாள். அது மறுபடி இறங்கியது. நிமிர்ந்து நடந்தாள். கையில் ரம்பத்தைப் பார்த்தவர்கள் நாற்காலிகளை இழுத்து வழிவிட்டார்கள். "எங்கடி போற?" என்று தையல்காரம்மா மட்டும் கேட்டாள். இந்தத் தடவை அதில் குத்தல் இல்லை.

தெரு முனையில் அந்த வண்டி எதிரே வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தெரு குறுகல், அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். டிரைவர் பக்கத்தில் வந்து தலையை நீட்டினார்.

"வில்லுக்காரர் வீடு எதும்மா?"

"நேராப் போங்க. நாற்காலி போட்டிருக்கற வீடு."

வண்டி கடந்து போனதும், ரம்பத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.