பத்து நிமிடத் தலைமை

ஒட்டடை அந்தத் தொண்டர் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் சேவை மனப்பான்மை அல்ல, கழுத்து. பன்னிரண்டு வருடம் கட்டட வேலையில் கலவைச் சட்டி சுமந்த கழுத்து, ஒருநாள் காலையில் இடப்பக்கம் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"இனிமே தலையில ஒரு காகிதம்கூட வைக்கக் கூடாதும்மா" என்றார்.

ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் அது. வயது முப்பதாக இன்னும் ஒரு மாதம் பாக்கி.

வேலையிடத்தில் தலைச்சுமை இல்லாத வேலை ஒன்றுதான் காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் வேலை. எஞ்சினியரிடம் போய்க் கேட்டாள். கொத்தனார் கரண்டி பிடிப்பேன், மட்டம் பார்ப்பேன், கலவைப் பதம் தெரியும் என்றாள்.

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா. ஆபீசுக்குத் தெரியாதே. தலைமைப் பண்பு இருக்குன்னு ஒரு சான்றிதழ் கொண்டா. இந்த மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன்."

தலைமைப் பண்பு எங்கே கிடைக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்தாள். கடைசியில் நாத்தனார்தான் சொன்னாள். நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு இளைஞர் குழு கூடுகிறது. முப்பது வயதுக்குள் இருந்தால் போதும். நாலு ஞாயிறு ஊருக்கு உழைத்தால் சான்றிதழ்.

"ஆனா அண்ணி, நீங்க தலைவரா? நம்ம வீட்டுப் பூனையே நீங்க கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதில்ல."

"பூனைக்கு மீன் வேணும்டி. தலைமை எதுக்கு?"

குழுவில் ஒன்பது பேர் இருந்தார்கள். தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், ஒருங்கிணைப்பாளர், துணை ஒருங்கிணைப்பாளர், செய்தித் தொடர்பாளர். உறுப்பினர் என்று யாரும் இல்லை. ஒட்டடை உள்ளே நுழைந்ததும் ஒன்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். எல்லாரும் பல்லக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டு, தூக்க ஆள் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

அவர்களுக்கு மேலே ஒரு பயிற்றுநர். கழுத்தில் விசில், கையில் மதிப்பெண் தாள்.

"தலைமைங்கறது பகிர்ந்துக்கற விஷயம்" என்று அவர் விளக்கினார். "இங்க எந்த வேலையா இருந்தாலும் ஆளுக்குப் பத்து நிமிஷம் தலைமை. விசில் அடிச்சா அடுத்தவர். தலைமைல இருக்கறவங்க கருவியத் தொடக் கூடாது. 'செய்'னு சொல்லக் கூடாது, 'செய்யலாமா'ன்னு கேக்கணும். விசில் அடிச்சதும் சிரிச்ச முகமா இடத்த விட்டுத் தரணும். அதுக்குப் பேரு வழிவிடுதல். அதுல முட்டை வாங்கினா சான்றிதழ் கிடையாது."

ஒட்டடை பன்னிரண்டு வருடமாக வழிவிட்டுத்தான் நடந்துகொண்டிருந்தாள். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தாள்.

முதல் ஞாயிறு, சேவை என்றால் என்ன என்று பேசினார்கள். இரண்டாவது ஞாயிறு, பனியன் நிறம் முடிவானது. மூன்றாவது ஞாயிறு வேலைக்குப் போனார்கள். தெருக்கோடியில் இருந்த கைகால் பயிற்சி மருத்துவமனைக்கு வாசலில் மூன்று படி. நடக்க முடியாதவர்கள் நடக்கக் கற்றுக்கொள்ள வருகிற இடத்தில், முதலில் படி ஏறிக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்டுவது என்று தீர்மானம். அன்றைக்குப் பயிற்றுநருக்குக் காய்ச்சல். அதனால் வேலை ஒழுங்காக நடந்தது. பதினெட்டு அடிக்கு நூல் பிடித்து, பலகை அடைத்து, உள்ளே செங்கல் உடைசல் போட்டுக் கெட்டியாக இடித்து முடித்தார்கள்.

நாலாவது ஞாயிறு மேலே கான்கிரீட் போட வேண்டும். காய்ச்சல் இறங்கி, பயிற்றுநர் விசிலோடு வந்துவிட்டார்.

ஒன்பது மணிக்குத் தலைவரின் பத்து நிமிடம். அவர் பெரிதாகச் சிந்திப்பவர். இருக்கிற சிமெண்டை எல்லாம் ஒரே குவியலாகக் கலந்துவிடலாமா என்று கேட்டார். எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

"கொஞ்சம் கொஞ்சமா கலக்கணுங்க, இறுகிடும்" என்றாள் ஒட்டடை.

"உங்க கருத்து பதிவாயிடுச்சு" என்று செயலாளர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் வெள்ளைச் சட்டைக்காரர். படித்து முடித்து இரண்டு வருடமாக வேலை தேடுகிறவர். எதையும் எழுதிவைப்பார்.

ஓரத்தில் இரண்டு மூட்டை மட்டும் பிரிக்காமல் தப்பித்தன. அவற்றின் மேல் பொருளாளர் உட்கார்ந்திருந்தார்.

முதல் துணைத் தலைவர் கலவையைச் சுற்றி வட்டமாக நிற்க வைத்து, ஒவ்வொருவரும் தங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். இரண்டாவது துணைத் தலைவர் மேலிருந்து போடலாமா என்றார். செயலாளர் கீழிருந்து போடலாமா என்றார். இணைச் செயலாளர், பதினெட்டு அடி எதற்கு, எட்டு அடியில் செங்குத்தாக முடித்தால் சீக்கிரம் மேலே போகலாமே என்று கேட்டுப் போட்டதில் பாதியை வாரவைத்தார். பொருளாளர் அதைத் திரும்பப் போடவைத்தார். ஒருங்கிணைப்பாளர், கலவை கெட்டியாகிறதே என்று நாலு வாளித் தண்ணீர் ஊற்றவைத்தார். துணை ஒருங்கிணைப்பாளர் இன்னும் ஒரு வாளி ஊற்றலாமா என்றார். செய்தித் தொடர்பாளர் படம் எடுத்தார்.

வராந்தாவில் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்கு நாள்தோறும் வருகிறவர். பொழுது போகிறதே என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா நெட்டை, நாளைக்குக் காலைல நான்தான் இதுல ஏறணும். ஏத்துமா, உருட்டுமா?"

"என் முறை வரட்டும் பெரியவரே."

"அதுக்குள்ள எனக்குக் காலே சரியாயிடும்."

பத்தரைக்கு ஒட்டடையின் முறை. பத்து நிமிடம் 'செய்யலாமா, செய்யலாமா' என்று கேட்டுவிட்டு, விசிலுக்குச் சிரித்துக்கொண்டே ஒதுங்கினால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் கழுத்து பிழைக்கும். வீட்டிலிருந்து வரும்போதே அந்தச் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

சாய்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். மேல்பாதி கல்லாகிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதி கஞ்சியாக ஓடியது. நடுவில் யாரோ கைதவறி விட்ட பேனா செருகி நின்றது.

"மேல போட்டது எல்லாத்தையும் வாருங்க" என்றாள்.

"வாரலாமான்னு கேக்கணும்" என்றார் பயிற்றுநர்.

"கேட்டா அதுக்குள்ள கல்லாயிடும். தலைவரே, மண்வெட்டி எடுங்க. பொருளாளரே, எந்திரிங்க, அந்த மூட்டை வேணும். துணைத் தலைவருங்க ரெண்டு பேரும் ஜல்லி, மணல். நான் சொல்ற அளவுதான், ஒரு சட்டி கூடக் கூடாது. செயலாளரே, நோட்ட மடக்கி வெச்சுட்டு இந்த மட்டப்பலகையப் பிடிங்க. ஆடாதீங்க. மூச்சு விடலாம்."

ஒன்பது பேரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஓடினார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முதல்முறையாக என்ன செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னதில் அவர்களுக்கு நிம்மதிதான்.

விசில் அடித்தது.

"தண்ணி போதும்" என்றாள் ஒட்டடை.

மறுபடி விசில். "நேரம் முடிஞ்சது. வழிவிடணும்!"

"சார், அங்க நிக்காதீங்க, நூல மிதிக்கிறீங்க. நீங்கதான் வழிவிடணும்."

பயிற்றுநர் நகர்ந்து நின்று தாளில் ஏதோ எழுதினார். ஒட்டடை கரண்டியை எடுத்து மண்டியிட்டாள். மூன்றாவது விசில் கொஞ்சம் நீளமாக வந்தது. அது முடியும்போது அவள் நாலாவது அடியில் இருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சக்கரம் வழுக்காமல் இருக்க, ஈர மேற்பரப்பில் துடைப்பத்தைக் குறுக்காக இழுத்துக் கோடு போட்டாள்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏத்தும்" என்றார்.

"ரெண்டு நாளைக்கு யாரையும் ஏத்தாது. ஈரச் சாக்கு போட்டு வையுங்க, தண்ணி தெளிச்சிக்கிட்டே இருக்கணும்."

"நாளைக்கும் படிதானா?"

"நாளைக்கும் படிதான்."

அன்று மாலையே மதிப்பெண் வாசித்தார்கள். ஒன்பது பேருக்கும் சான்றிதழ். ஒட்டடைக்கு வழிவிடுதலில் முட்டை. குறிப்பு: 'நல்ல உழைப்பாளி. தலைமைப் பண்பு காணப்படவில்லை.'

"அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்க" என்றார் பயிற்றுநர் அன்பாக.

"அடுத்த வருஷம் எனக்கு முப்பது தாண்டிடும் சார்."

"அப்போ வாழ்த்துகள்" என்றார்.

வீட்டில் நாத்தனார் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"சும்மா இளிச்சிட்டு வந்திருக்கலாமே அண்ணி."

"இளிச்சேன்னு வெச்சுக்க. அந்தக் கிழவர் பல்லு போயிருக்கும்."

மாதம் முடிந்தது. ஆபீஸ் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தது. முதல் தேதி காலை, ஒட்டடை முதல் சட்டிக்காகத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்தபோது, புது மேற்பார்வையாளர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் நோட்டு. செயலாளர்.

அவளைப் பார்த்ததும் தொலைந்த பிள்ளை தாயைப் பார்த்த மாதிரி ஓடி வந்தார்.

"அக்கா! நீங்க இங்கதானா? அப்பாடா, போன உசுரு திரும்பிச்சு. பத்து மணிக்குத் தளம் போடணுமாம். எனக்குப் பலகை பிடிக்க மட்டும்தான் தெரியும்."

"நல்லாத்தான் பிடிச்சீங்க."

"என்ன செய்யலாம்க்கா?"

ஒட்டடை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்து அந்த அளவுக்குத்தான் ஒத்துழைத்தது. தலையிலிருந்த துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சட்டி வேற ஆள் தூக்கட்டும். நான் கரண்டியோட உங்க பக்கத்துல நிப்பேன். தினமும். இத இப்பவே எஞ்சினியர்கிட்ட நீங்க போய்ச் சொல்லணும். சொல்லிட்டு வாங்க, தளத்தைப் பத்திப் பேசலாம்."

"எஞ்சினியர் ஏன்னு கேட்டா?"

"மேற்பார்வையாளர் முடிவுன்னு சொல்லுங்க."

அவர் நோட்டைத் திறந்து அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கீழே தேதி போட்டார். பிறகு எஞ்சினியர் அறைப் பக்கம் வேகமாக நடந்தார்.